ஏற வேண்டிய ஊறல்

"சொந்த உபயோகத்துக்காகவும், இல்லத்தார் மற்றும் விருந்தினர் உபயோகத்துக்காகவும் வீட்டில் பியர் உற்பத்தி செய்பவர், அளவு ஆண்டுக்கு இரண்டாயிரம் லிட்டருக்கு மிகாது." சுங்க அலுவலகக் கோப்பில் எமில் பஸ்டேரா ஆறு ஆண்டுகளாக இப்படித்தான் இருக்கிறார்.

சொந்த உபயோகம் என்று எடுத்துக்கொண்டால், கால் பெருவிரல் வீக்கத்துக்காக மருத்துவர் அவருக்கு வாரத்துக்கு இரண்டு கிளாஸ் என்று கோடு போட்டிருக்கிறார். இல்லத்தார் என்றால் மனைவி மிலுஷே. அவர் குடிப்பது வெள்ளை ஒயின், அதுவும் சோடா கலந்து. விருந்தினர் வந்தால் எமில் ஜாடியை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்து மதுக்கடைக்குப் போய் நிரப்பிக்கொண்டு வருவார். மிச்சமிருப்பது உற்பத்தி. ஆறு ஜனவரிகளிலும், யாரும் கேட்காமலேயே, அவர் சுங்க அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார்: சென்ற ஆண்டு உற்பத்தி, பூஜ்யம் லிட்டர். ஆறாவது கடிதத்துக்குத்தான் பதில் வந்தது. இனிமேல் ஏதாவது காய்ச்சினால் மட்டும் எழுதுங்கள் என்று ஓர் அம்மாள் மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாது. எமில் லிஃப்டுகளைச் சோதிக்கும் அதிகாரி. எங்கள் மாவட்டத்தில் எந்த அடுக்குமாடியில் லிஃப்ட் ஓடாமல் நின்றாலும், கதவில் ஒட்டியிருக்கும் தாளில் இருப்பது அவர் கையெழுத்துதான். முப்பத்தோரு ஆண்டுகளில் அவர் சரி என்று சொன்ன லிஃப்ட் ஒன்றுகூட விழுந்ததில்லை. அவர் சரி என்று சொன்ன லிஃப்டுகளும் அதிகமில்லை. குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குபவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்; மற்றவர்கள் அதைச் சும்மாவே செய்கிறோம். எமில் சம்பளம் வாங்கிக்கொண்டும் செய்தார், மாலையில் வீட்டுக்கு வந்து சும்மாவும் செய்தார். அவர் பியர் காய்ச்சாததற்கு அது ஒன்றே காரணம்.

எழுபது லிட்டர் பிடிக்கும் மூன்று எவர்சில்வர் பாத்திரங்களை அவர் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே வாங்கிவிட்டார். ஒன்றில் வெந்நீர். ஒன்றில், மால்ட் எனும், முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து வெந்நீரில் போட்ட ஊறல். மூன்றாவதில், ஊறலிலிருந்து வடிந்த இனிப்புச் சாறு, கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவோடு கொதிக்கும். இவ்வளவுதான் விஷயம். இந்த மூன்றையும் எந்த ஸ்டாண்டில் எப்படி உட்கார வைப்பது என்பதுதான் முடிவாகவில்லை. படிபோல மூன்று அடுக்காக வைத்தால் எல்லாம் தானாக இறங்கும், பம்பு வேண்டாம். ஆனால் சுடுதண்ணீர் தலைக்கு மேலே நிற்கும். ஒரே மட்டத்தில் வைத்தால் தலை தப்பும், இரண்டு பம்பு வேண்டும். இரண்டு அடுக்கு என்றால் ஒரு பம்பும் பாதி ஆபத்தும். எமில் முடிவு செய்துகொண்டே இருந்தார். பாத்திரங்கள் அதுவரை சும்மா இருக்கவில்லை. ஆகஸ்டில் மிலுஷே அவற்றில் வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடிகளை வேகவைத்தார். டிசம்பரில், கிறிஸ்துமஸ் விருந்துக்கு உயிரோடு வாங்கிய கெண்டை மீன் இரண்டு நாள் நீந்திவிட்டுச் செத்தது.

இப்படியே காலம் போயிருக்கும். ஆனால் அவர் மகள் ராத்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் தெற்கு மொராவியாவில் வெல்கே பாவ்லோவிட்சே. அந்தப் பக்கத்தில் குழந்தைகள்கூட மண்ணைத் தொட்டுப் பார்த்து எந்தத் திராட்சை என்று சொல்வார்கள். ராத்காவுக்குப் பள்ளியில் வரலாறு நடத்திய 'புரொஃபசர்' (இங்கே பள்ளி ஆசிரியருக்கும் அதே பட்டம்), போதாததற்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவன் என்பதால் நிச்சயதார்த்தச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வாத்து வறுவலும் புளித்த முட்டைகோசும் பரிமாறும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. அப்புறம் மாப்பிள்ளையின் அப்பா குபேனா கிளாஸைத் தூக்கினார்.

"கல்யாணத்துக்கு ஒயின் எங்க வீட்டோடது, சம்பந்தி. எங்க தோட்டம், எங்க பீப்பா, எங்க காலு மிதிச்சது. கடையில வாங்கின ஒயினை ஊத்தினேன்னா எங்க ஊர்ல எவனும் அப்புறம் என்கூடப் பேசமாட்டான்."

"பியர் எங்க வீட்டோடது" என்றார் எமில்.

மேசையில் முள்கரண்டிகள் நின்றன. மிலுஷே கணவரைப் பார்த்த பார்வையை நான் வெகுநாள் மறக்கமாட்டேன்.

"அப்பா, ஸ்டேஷன் கடையில சொன்னா ஒரு பீப்பா கொடுத்துடுவாங்க" என்றாள் ராத்கா மெதுவாக.

"ஐம்பது லிட்டர். நானே காய்ச்சினது" என்றார் எமில்.

"சபாஷ்!" என்று குபேனா மேசையைத் தட்டினார். "ஊர் பூரா சொல்லிடறேன்!"

சொல்லியும்விட்டார். எண்பது விருந்தாளிகள், ஜூன் பதின்மூன்று, சனிக்கிழமை. எங்கள் பியர் அவசரத்துக்குப் பிறக்காது. பத்து நாள் நொதிக்க வேண்டும், எட்டு வாரம் குளிரில் கிடக்க வேண்டும். பின்னோக்கி எண்ணினால் ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை, ஏப்ரல் நான்கு. அதைத் தாண்டினால், குபேனா ஊர் முழுக்க அறிவித்த பியருக்குப் பதிலாக மணப்பெண்ணின் தந்தை ரயில் நிலையத்துக்கு ஜாடியோடு போக வேண்டியிருக்கும்.

பிப்ரவரியில் எமில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். முற்றத்து ஓரத்தில் இருந்த பழைய துணி துவைக்கும் அறையின் சுவர் முழுக்கச் சுண்ணக்கட்டியால் மூன்று ஸ்டாண்டுகள் வரைந்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் கீழே, அலுவலகப் பாரத்தில் எழுதுவதுபோலவே, குறைகள்.

"உட்காருங்க புரொஃபசர். மூணு அடுக்கு: பதினோரு குறை. ஒரே மட்டம்: பதினாலு. ரெண்டு அடுக்கு: ஒம்போது."

"அப்ப ரெண்டு அடுக்குதான் நல்லது."

"ஆனா அந்த ஒம்போதுல நாலு ரொம்ப மோசம்."

"மோசமே இல்லாதது எது?"

எமில் சுவரை நெடுநேரம் பார்த்தார். "கெண்டை மீன் வளர்க்கிறது" என்றார்.

அவருடைய மைத்துனர் ஸ்பினெக், மிலுஷேயின் அண்ணன், ஹ்லின்ஸ்கோவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். முடிவெடுப்பதில் அவருக்கும் எமிலுக்கும் உள்ள தூரம், வெட்டிவிட்டு அளப்பவருக்கும் அளந்துவிட்டு வெட்டாதவருக்கும் உள்ள தூரம். ஆறு ஆண்டுகளாக அவர் பட்டறையின் மூலையில் எமிலுக்கென்று ஒதுக்கிய இரும்புக் குழாய்கள் துருப்பிடித்துக்கொண்டிருந்தன. மார்ச் ஆரம்பத்தில் அவரே புறப்பட்டு வந்தார்.

"மாப்ள, ஒரே ஒரு நம்பர் சொல்லு. உயரம் எவ்ளோ?"

"கூரை ரெண்டு மீட்டர் பதினஞ்சு, மச்சான். அதுல பாத்திரத்தோட உயரம், அடுப்பு உயரம், நடுவுல குழாய் வைக்க இடம், அப்புறம் மேல எட்டிப் பார்க்கிறவனோட தலை..."

"தலையை விட்டுடு. அது இத்தனை வருஷமா எதுக்கும் உதவலை."

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஸ்பினெக் மூன்றடுக்கு ஸ்டாண்டை வெல்டிங் செய்து முடித்துவிட்டார். எமில் சம்மதித்தார் என்று சொல்ல முடியாது. மறுப்புக்கான காரணங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும்போதே வேலை முடிந்துவிட்டது. பட்டறைத் தரையிலேயே பாத்திரங்களில் தண்ணீர் ஊற்றிச் சோதித்தார்கள். எமில் ஒவ்வொரு அடுக்கிலும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. மேலே திறந்தால் நடுவுக்கு, நடுவே திறந்தால் கீழே. சொட்டு சிந்தாமல் எல்லாம் இறங்கியது. எமில் முகத்தில், வேறு மனிதர்களிடம் புன்னகை என்று சொல்லக்கூடிய ஒன்று வந்தது. மிலுஷே பட்டறையின் ஓரமாக உட்கார்ந்து, எமில் கையால் எழுதி வைத்திருந்த செய்முறையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"எமில், இங்க ஒண்ணு எழுதியிருக்க. 'ஊறலில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துத் தனியே கொதிக்க வைத்து, மறுபடி ஊறலோடு சேர்க்கவும். இதை இரண்டு முறை செய்யவும்.'"

"ஆமா. அதுதான் நம்ம முறை."

"கொதிக்க வைக்கிற பாத்திரம் எங்க இருக்கு?"

"கீழ."

"ஊறல் பாத்திரம்?"

"நடுவுல."

"அப்ப அது மேல ஏறணுமே. இதுல எல்லாம் இறங்குதே."

எமில் தாளை வாங்கி அந்த வரியை மறுபடி படித்தார்.

எமில் பார்த்து வரைந்த படங்கள் எல்லாமே அமெரிக்காவிலிருந்து வந்தவை. அங்கே ஊறவைப்பார்கள், வடிப்பார்கள், முடிந்தது. இங்கே அப்படி யாரும் செய்வதில்லை. கஞ்சிபோன்ற ஊறலில் ஒரு பங்கைப் பிரித்துக் கொதிக்க வைத்துத் திருப்பி ஊற்றினால்தான் அந்த நிறமும் அந்த ருசியும் வரும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறந்த எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு நன்றாகத் தெரிந்ததால்தான் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. ஆறு ஆண்டுகள், முப்பத்துநான்கு குறைகள்; அதில் இது இல்லை.

"கொதிக்க வைக்காம விட்டா என்ன? அமெரிக்காக்காரன் குடிக்கலையா?" என்றார் ஸ்பினெக்.

"குடிக்கிறான். அவன் பியர்னு நினைச்சுக் குடிக்கிறான். குபேனா முன்னாடி நான் அதை வெக்கணுமா?"

"பம்பு போடு."

"கஞ்சி பம்புல போகாது. அடைச்சுக்கும்."

"தூக்கி ஊத்து."

"கொதிக்கிற பதினெட்டு லிட்டரையா? எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் ஆகலை. உனக்கு முதுகு."

"அப்ப ஒரு சின்ன லிஃப்ட் வெச்சுக்கோ" என்றார் ஸ்பினெக், கிண்டலாகத்தான்.

கிண்டல் என்பது எமிலுக்குப் புரியாத சில விஷயங்களில் ஒன்று. வீட்டுக்குப் போனதும் கப்பியும் கயிறும் வைத்துப் பாத்திரம் தூக்கும் ஒரு சின்ன லிஃப்டை வரைந்தார். படம் உண்மையிலேயே அழகாக இருந்தது. ஆனால் தூக்கும் சாதனத்தைச் சோதித்துக் கையெழுத்திட ஓர் அதிகாரி வேண்டும். தான் கட்டியதற்குத் தானே கையெழுத்திடக் கூடாது என்பது அவர் கொள்கை. வேறு மாவட்டத்திலிருந்த சக அதிகாரிக்கு முறைப்படி விண்ணப்பித்தார். மே இருபதாம் தேதி வருவதாகப் பதில் வந்தது.

"ஒரு சட்டிக்கு லிஃப்ட் சர்டிஃபிகேட்டா!" என்று ஸ்பினெக் தொலைபேசியில் கத்தியது எனக்குச் சாலையில் கேட்டது. "மாப்ள, அந்தச் சட்டியில நீ ஏறி எங்கயாவது போயிடேன்!"

மார்ச் மாதத்தின் மிச்சம் அப்படியே போயிற்று. ஸ்டாண்ட் துவைக்கும் அறையில் நின்றது. மாலையில் எமில் அதன் முன்னால் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருப்பார். நான் போனால் நகர்ந்து இடம் கொடுப்பார். இருவரும் உட்கார்ந்து பார்ப்போம். சுவரில் இருந்த படங்களை அழிக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை.

"குபேனாவுக்கு போன் பண்ணி உண்மையைச் சொல்லிடலாம்" என்றேன் ஒருநாள்.

"சொல்லலாம். என்னன்னு சொல்றது? என்னால ஒரு ஸ்டாண்டைத் தேர்ந்தெடுக்க முடியலைன்னா?" அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். "நேத்து ராத்கா பேசினா. 'அப்பா, பியர் எப்படி இருக்கு?'ன்னு கேட்டா. நல்லாருக்குன்னேன்."

ஏப்ரல் மூன்று வெள்ளிக்கிழமை மாலை, எமில் வீடு திரும்பியபோது, மிலுஷே முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கையால் சுற்றும் இயந்திரத்தில் மால்ட்டை உடைத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு கிலோ. கடைசி இரண்டு பிடி மட்டும் பாக்கி.

"என்ன பண்ணிட்ட!"

"உடைச்சிட்டேன். உடைச்ச மால்ட்டு ரொம்ப நாள் தாங்காதுன்னு நீதான் எழுதி வெச்சிருக்க. காலைல ஏழு மணிக்கு அண்ணன் வர்றான். புரொஃபசர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"ஏறுறதுக்கு வழியே இல்லையே, மிலுஷே!"

"சூப்பு எப்படி ஊத்துறோம்? கரண்டியால."

இது சுவரில் இல்லாத நான்காவது முறை. சனிக்கிழமை காலை அது வேலை செய்தது என்பதை எமில்கூட ஒப்புக்கொண்டார். ஸ்பினெக் கீழே கொதிக்கும் கஞ்சியைக் கைப்பிடிச் சட்டியால் இரண்டிரண்டு லிட்டராக மொண்டார். ஏணியின் இரண்டாம் படியில் நின்ற மிலுஷே வாங்கி ஊறலில் ஊற்றினார். நான் வெப்பமானியைப் பிடித்தேன். எமில் சுற்றிச் சுற்றி வந்து யாரும் கேட்காத எச்சரிக்கைகளைக் கொடுத்தார். ஒன்பது சட்டி. அறை முழுக்கச் சுட்ட ரொட்டி வாசனை. முற்பகலில் இரண்டாம் முறை, மறுபடி ஒன்பது. கடைசிச் சட்டி விழுந்தபோது மணி பதினொன்றே கால். மேலே நாற்பது லிட்டர் வெந்நீர், நடுவில் மொத்த ஊறலும்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான், சிமெண்டில் இரும்பு உரசுவது. துவைக்கும் அறையின் தரை, எல்லாத் துவைக்கும் அறைகளையும்போல, சுவரோரத்துச் சாக்கடைத் துளையை நோக்கிச் சரிந்திருக்கும். ஸ்பினெக்கின் பட்டறைத் தரை சரியாது. ரசமட்டத்தை எமில் அங்கே வைத்துப் பார்த்தார். முப்பது ஆண்டுகளாக துவைத்த தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தமக்கே தெரிந்த சொந்தத் தரையில் வைத்துப் பார்க்கவில்லை.

ஸ்டாண்டின் சுவரோரத்துக் கால் துளையை நோக்கி ஒரு விரற்கடை நகர்ந்தது. எமில் யோசிக்கவில்லை. அவர் யோசிக்காமல் செய்து நான் பார்த்த ஒரே காரியம் இது. ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து, நடு அடுக்கின் குறுக்குக் கம்பிக்கு அடியில் இடது தோளைக் கொடுத்தார். சத்தம் நின்றது.

"விடாத!" என்று கத்தினார் ஸ்பினெக். "காரிலேர்ந்து ஜாக்கி எடுத்துட்டு வர்றேன்!"

"ஜாக்கி வேண்டாம்! மேல சுடுதண்ணி இருக்கும்போது அடியில ஜாக்கி வெச்சா தள்ளி விட்டுடும். எந்தச் சட்டத்துலயும் அனுமதி கிடையாது!"

"மாப்ள, அடியில மனுஷனை வெக்க மட்டும் அனுமதி இருக்கா?"



"மேல இருக்கிற வெந்நீரைச் சாக்கடையில விட்டுடலாமா?" என்றேன். "பாரம் பாதியா குறையும்."

எமில் சுவரோடு முகம் ஒட்டி நின்றார். அவர் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "அது ஊறலைக் கழுவற தண்ணி. அதை விட்டா இருபது லிட்டர்கூடத் தேறாது."

"தேறாட்டி போகட்டும்" என்றார் மிலுஷே. "வெளிய வா, எமில்."

"வரமாட்டேன். வடிங்க."

"சரி, நான் மாத்திக்கறேன். நகரு" என்றார் ஸ்பினெக்.

"நான் தோளை எடுத்து நீ கொடுக்கிறதுக்குள்ள சரிஞ்சிடும். வடிங்கன்னு சொல்றேன்ல!"

வடித்தோம். வேகமாக வடித்தால் ஊறல் இறுகி அடைத்துக்கொள்ளும், எனவே நூலிழைபோல. எமிலுக்குச் சுவரைத் தவிர எதுவும் தெரியவில்லை.

"கலங்கலா இருக்கா, தெளிவா இருக்கா?"

"பியர் மாதிரி இருக்கு" என்றார் மிலுஷே.

"அது இன்னும் பியர் இல்ல! நிறம் என்ன? தேன் மாதிரியா, டீ மாதிரியா?"

"உன் மூஞ்சி மாதிரி, சிவப்பா" என்றார் ஸ்பினெக்.

"புரொஃபசர், நீங்க சொல்லுங்க!"

"தேன்" என்றேன். உண்மையில் எனக்கும் தெரியவில்லை. கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

நடுவில் மிலுஷே ஈஸ்டர் ரொட்டியைப் பிய்த்து, இடுக்கு வழியாகக் கையை நீட்டி அவருக்கு ஊட்டினார். ரொட்டியிலிருந்து உலர்திராட்சை ஒன்று கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனியக்கூட அவரால் முடியவில்லை. வெந்நீரை எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது, போதுமா என்று ஆறு ஆண்டுகளாக அவர் யோசித்து வைத்திருந்த முடிவுகளை எல்லாம் ஸ்பினெக் தலையைச் சொறிந்தபடி எடுத்துக்கொண்டிருந்தார். பாரம் இறங்கி, ஸ்பினெக் காலுக்கடியில் கட்டையைச் செருகி, எமில் வெளியே வந்தபோது இடது கை தூக்க வரவில்லை. ஹாப்ஸ் பூவைக்கூட அவரால் போட முடியவில்லை. வாளியின் மேல் உட்கார்ந்து, கொதிப்பதைப் பார்த்தார்.

ஐம்பது லிட்டர் தேறவில்லை. முப்பத்தெட்டு. ஜூன் பதின்மூன்றாம் தேதி வெல்கே பாவ்லோவிட்சே தோட்டத்தில் அது சற்று மங்கலாகவே கிளாஸில் இறங்கியது. மாலை ஐந்து மணிக்குள் காலி. குடித்துத் தீர்த்தவர்களில் பாதிப் பேர் ஒயின் தயாரிக்கிறவர்கள், வெயில் அப்படி. எமில் அரை கிளாஸ் குடித்தார்.

"பிரமாதம், சம்பந்தி!" என்று குபேனா அவர் தோளைத் தட்டினார், இடது தோளையே. "நீங்களே காய்ச்சினதா?"

எமில் நெடுநேரம் யோசித்தார். "பக்கத்துல இருந்தேன்" என்றார்.

அடக்கம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஊரில் இப்போது கல்யாணத்துக்குப் பியர் காய்ச்சிய பஸ்டேரா என்றே பெயர். மால்ட்டை உடைத்தது மிலுஷே. மொண்டதும் வடித்ததும் ஸ்பினெக். வெப்பம் பார்த்தது நான், அதுவும் சரியாக இல்லை. எமில் பஸ்டேரா ஏப்ரல் நான்காம் தேதி காலை பதினொன்றே காலிலிருந்து பிற்பகல் ஒன்று இருபத்தைந்துவரை, சரியப் பார்த்த இரும்பு ஸ்டாண்டை இடது தோளில் தாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.